விஷம் இல்லாத அட்டை

பாவம் செய்துவிட்டுத் திருந்தியவனுக்குக் கிடைக்கிற மரியாதை, பாவமே செய்யாமல் வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு எந்த வழிபாட்டுக் கூடத்திலும் கிடைப்பதில்லை. மருந்துக்காரருக்கு இந்த உண்மை நாற்பதை நெருங்கும் வயதில்தான் தெரியவந்தது. அதுவரை அவரை எந்த வீட்டிலும் முன்வாசல் வழியாக விட்டதில்லை. முதுகில் தொட்டி, கையில் குழாய், முகத்தில் மூடி என்று வந்து நிற்கிற ஆளைப் பின்பக்கமாக வரச்சொல்வார்கள். வேலை முடிந்ததும் பின்பக்கமாகவே அனுப்புவார்கள்.

அவர் அடித்தது நோய் தீர்க்கிற மருந்து இல்லை. கரப்பான், கறையான், மூட்டைப்பூச்சி, எலி என்று வாடகை கொடுக்காமல் குடியிருப்பவர்களைக் காலிசெய்கிற மருந்து. தொழிலில் மனிதர் கெட்டிக்காரர். சமையலறையில் கால் வைத்ததுமே மூக்கைத் தூக்கி, “இங்க இல்லை, அந்த அலமாரிக்குப் பின்னால” என்பார். அங்கேதான் இருக்கும். அதற்காக யாரும் பாராட்டியதில்லை. தங்கள் வீட்டில் கரப்பான் இருந்ததைக் கண்டுபிடித்தவனை யார் பாராட்டுவார்கள்?

கல்யாணமான பிறகு இரண்டு முறை மனைவியின் வயிற்றில் தங்கியது நிலைக்கவில்லை. மருத்துவர், மருந்து படிந்த துணிகளைத் தனியாகத் துவைக்கச் சொன்னார். மாமியார், பாவத்தைத் தனியாகத் துவைக்கச் சொன்னார். அவர் கையால் போன உயிர்கள்தான் வந்து வழியை மறிக்கின்றன என்று அந்த அம்மாள் தொலைபேசியில் மகளிடம் சொன்னது பக்கத்து அறைவரை கேட்டது. மாமியாருடைய குரல் அப்படி; தொலைபேசி இல்லாமலேயே கேட்டிருக்கும். துணிக்கு அன்றே தனி வாளி வந்துவிட்டது. பாவத்துக்குத்தான் இடம் தேட வேண்டியிருந்தது.

இடம், மாவு மொத்த வியாபாரக் கடைக்கு மேல் மாடியில் கிடைத்தது. சிவ வழிபாட்டுக் கூடம். முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் லிங்கம், அதற்கு ஒரு மரமேடை, இரண்டு விளக்கு, தொட்டால் வீலென்று கத்துகிற ஒலிபெருக்கி, இவற்றையெல்லாம் கட்டி மேய்க்க ஒரு தலைவர். தலைவர் ஏதோ ஓர் அலுவலகத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பதவியிலிருந்துதான், அதிகாரத்திலிருந்து இல்லை. எதிரில் ஆள் வந்து நின்றால் கையில் இருக்கும் காகிதத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் நிமிர்வார். காகிதம் இல்லாவிட்டால் கையையாவது பார்ப்பார்.

சிவனுக்கு எட்டு அகமலர்கள் சாத்த வேண்டும் என்பது தலைவருக்குப் பிடித்த பேச்சு. தோட்டத்தில் பூப்பவை அல்ல, மனசில் பூப்பவை. அதில் முதல் மலர் கொல்லாமை. மற்ற ஏழு மலர்களுக்கு அவர் பேச்சில் பெரும்பாலும் நேரம் இருக்காது. ஆனால் ஒரு குறை. கூட்டத்தில் உருப்படியாக ஒரு பாவி இல்லை. வருகிறவர்கள் எல்லாம் நாத்தனாரோடு சண்டை போட்டதையும் எடையில் கொஞ்சம் கையை வைத்ததையும் தவிர வேறெதுவும் செய்யத் துணியாதவர்கள். கொல்லாமையைப் பற்றிப் பேசும்போது எதிரே ஒரு கொலைகாரன் இருந்தால்தானே பேச்சு எடுபடும்? அந்த நேரம் பார்த்து மருந்துக்காரர் மனைவியோடு படியேறி வந்து, தன் தொழில் இன்னதென்று சொன்னார். தலைவர் தன் வாழ்க்கையில் முதல்முறையாகக் காகிதத்தைப் பார்க்காமல் நிமிர்ந்தார்.

அடுத்த வாரமே லிங்கத்துக்கு முன்னால் கையில் தண்ணீர் வார்த்துச் சத்தியம் வாங்கினார்கள். மனத்தாலும், வாக்காலும், காயத்தாலும் இனி எந்த உயிருக்கும் ஊறு செய்வதில்லை. தலைவர் சொல்லச் சொல்ல மருந்துக்காரர் திருப்பிச் சொன்னார். ‘காயத்தாலும்’ என்ற இடத்தில் உடைந்து அழுதார். அந்த அழுகை பொய்யில்லை. எத்தனையோ எலிகளைக் கொன்றவருக்கு ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வந்தது. ஒரு வீட்டில், மருந்து தின்ற எலி பட்டப்பகலில் தரை நடுவே தள்ளாடி வந்து, வேறு இடமே கிடைக்காத மாதிரி அவருடைய செருப்பின்மேல் தலையை வைத்துப் படுத்தது. அவர் காலை உதறிவிட்டு மூடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். அவ்வளவுதான் நடந்தது. அந்த அவ்வளவுதான் இத்தனை வருஷம் கழித்து லிங்கத்துக்கு முன்னால் வந்து நின்றது.

கூட்டத்துக்கு இந்த எலி விவரம் தெரியாது. அழுகை மட்டும் தெரிந்தது. அது போதுமானதாக இருந்தது.

மூன்றாவது தடவையாக மனைவி உண்டானது அதற்குப் பிறகுதான். இந்தப் பெருமையில் முக்கால் பங்கைத் தலைவர் சிவனுக்கு விட்டுக்கொடுத்தார், கால் பங்கைத் தனக்கு வைத்துக்கொண்டார். மருந்துக்காரருக்கு எதுவும் மிஞ்சவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை, ஏனென்றால் அதற்குள் அவருக்குக் ‘கொல்லாமைச் செல்வர்’ என்ற பட்டம் கிடைத்திருந்தது. புதிதாக யார் வந்தாலும் அவரை எழுப்பி நிறுத்துவார்கள். முதலில், இந்தக் கைகள் ஆயிரக்கணக்கான உயிர்களை எடுத்தவை என்றார்கள். பிறகு லட்சமாயிற்று. ஒரு சிறப்புக் கூட்டத்தில் கோடி என்றபோது அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. கரப்பான் முட்டைகளையும் சேர்த்தால் வரலாம் என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு, கைகளைக் கூட்டத்துக்குக் காட்டினார்.

அவர் வேலை பார்த்த பூச்சிமருந்து நிறுவனத்தின் முதலாளி நல்ல மனிதர், ஆளை விடவில்லை. தொட்டியை இறக்கிவைத்துவிட்டு அலுவலகத்தில் தொலைபேசிக்கு முன்னால் உட்காரச் சொன்னார். நெற்றி நிறையத் திருநீறோடு மருந்துக்காரர் அழைப்பை எடுத்து, “சிவாயநம, சொல்லுங்க” என்பார். எலியா, கறையானா, எத்தனை அறை என்று கேட்டுக்கொண்டு இரண்டு ஆட்களைத் தொட்டியோடு அனுப்பிவைப்பார். அவர் கையில் இப்போது ஒரு துளி மருந்து படுவதில்லை. இந்த ஏற்பாட்டில் சத்தியத்துக்கு ஏதாவது சேதாரமா என்று தலைவரைக் கேட்டார். அது உத்தியோகம், வினை ஆகாது என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். முப்பது வருஷம் மற்றவர்கள் தயாரித்ததில் கையெழுத்துப் போட்டவருக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

வீட்டில் விரதம் இன்னும் கறாராக நடந்தது. செருப்பைத் தட்டிவிட்டுத்தான் மாட்டுவார். தெருவில் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டிருக்கிறார். கையில் கொசு உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதி அனுப்புவார். அது நேரே மனைவியிடம் போகும். அவள் தன் கையைத் தானே தடவிக்கொள்கிற மாதிரி சத்தமில்லாமல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சேலையில் துடைத்துக்கொள்வாள். அவர் பார்க்காத மாதிரி இருப்பார். இப்போது ஆறாம் மாதம். முந்தைய இரண்டும் இந்த இடம்வரை வந்ததில்லை. அதனால் அந்த வீட்டில் இரண்டு பேரும் மெதுவாகவே நடந்தார்கள், மெதுவாகவே பேசினார்கள், சத்தியத்தைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அவள், “நீங்க அதை மட்டும் விட்றாதீங்க. வேற எதுவும் நான் கேக்கலை” என்று சொன்னாள். அவர் விடமாட்டேன் என்றார்.

இந்த நேரத்தில்தான் கூடத்துக்கு எலி வந்தது.

கீழே மாவு மூட்டைகள், மேலே நெய்த் திரி, நிவேதனப் பழம். எலிக்கு வேறென்ன வேண்டும்? முதலில் திரியைத் தின்றது. சிவனுடைய பிள்ளைக்கே வாகனமாயிற்றே, உரிமையுள்ள வீட்டுக்கு வந்திருக்கிறது என்று தலைவர் ஒலிபெருக்கியில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு பழத்தைத் தின்றது. பிரசாதத்தில் பங்கு என்றார். அதற்கும் சிரித்தார்கள். அடுத்த வாரம், கொல்லாமை குறித்துச் சொற்பொழிவாற்ற வரவிருந்த பெரிய பேச்சாளருக்குப் போர்த்துவதற்காக வாங்கி அலமாரியில் வைத்திருந்த பொன்னாடையின் நடுவில் வட்டமாக ஒரு துளை விழுந்தது. வாகனம் என்ற பேச்சு அன்றோடு நின்றது. எலித் தொல்லை என்ற பேச்சு ஆரம்பமாயிற்று.

தலைவர் மருந்துக்காரரைத் தனியாக உள்ளறைக்கு அழைத்தார். வெகுநேரம் பொதுவாகப் பேசினார். கொல்வது வேறு, அப்புறப்படுத்துவது வேறு. தனக்காகச் செய்வது வேறு, ஆண்டவன் சந்நிதிக்காகச் செய்வது வேறு. யாருக்கும் தெரியவேண்டியதில்லை என்பதைக் கடைசியில், எல்லாவற்றையும்விடத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

மருந்துக்காரருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. பயத்தால் இல்லை, இன்பத்தால். பின்வாசல் வழியாகப் போய் வந்த ஒருவனிடம் இவ்வளவு பெரிய மனிதர் கெஞ்சுகிறார். அவன் மாட்டேன் என்று சொல்லப் போகிறான்.

“ஐயா, நீங்கதான் சத்தியம் வாங்கினீங்க,” என்றார் பணிவாக. பணிவு அளவுக்கு மீறியிருந்தது.

“சரி, நீங்க செய்ய வேண்டாம். என்ன செய்யலாம்னாவது சொல்லுங்க.”

என்ன செய்யலாம் என்பது மருந்துக்காரருக்கு உள்ளே நுழைந்த முதல் நாளே தெரியும். கைகழுவும் தொட்டிக்குக் கீழே குழாய் சுவருக்குள் போகிற இடத்தில் ஒரு பொந்து. இரும்பு நாரைத் திணித்துச் சிமென்ட் பூசினால் வரத்து நின்றுவிடும். உள்ளே இருக்கிற ஒன்றிரண்டுக்குக் கூண்டு வைத்தால் உயிரோடு பிடித்து வயல்வெளியில் விட்டுவிட்டு வரலாம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இதைச் சொல்லி முடிக்க, ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகாது. வாய்வரை வந்தது. அப்போதுதான் ‘வாக்காலும்’ என்ற சொல் ஞாபகம் வந்தது. பொந்தை அடைத்தால் உள்ளே இருப்பது பட்டினி கிடக்குமே? கூண்டில் போனது வெளியே பருந்துக்கு இரையானால்? விரதம் சுத்தமாக இருக்க வேண்டும் என்றால் பேச்சையே எடுக்கக் கூடாது. அதைவிட முக்கியமாக, தலைவர் இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்றிருந்தது.

“அந்த விஷயத்துல நான் வாயையே திறக்கிறதில்லைங்க ஐயா,” என்று சொல்லிவிட்டு, கும்பிட்டபடி பின்னால் நடந்தே அறையை விட்டு வெளியே வந்தார். அன்றிரவு மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு அந்த வருஷத்திலேயே நல்ல நாள் அதுதான்.

சொற்பொழிவு நாளன்று பாய் விரிக்கவும் விளக்குத் துலக்கவும் மதியமே கூடத்துக்குப் போனார். கூடத்தைப் பெருக்குகிற அக்கா வாசலிலேயே துடைப்பத்தோடு நின்றிருந்தாள். உள்ளே போகமாட்டேன் என்றாள்.

“மேடைக்கு அடியில ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடக்குது தம்பி. காலையிலேருந்து கத்திக்கிட்டே இருந்துச்சு. இப்ப கத்தலை. ஆனா இருக்குது.”

மருந்துக்காரர் குனிந்து பார்த்தார். லிங்கம் இருந்த மரமேடைக்கு அடியில் ஒரு பசை அட்டை. அதில் ஒரு எலி, கன்னமும் வயிறும் நான்கு காலும் பசையில் புதைந்து, ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. தப்பிக்கப் புரண்டதில் ஒரு பக்கத்து ரோமம் தோலோடு போயிருந்தது. முன்னங்காலைத் தானே கடித்திருந்தது. விலா மட்டும் வேகமாக ஏறி இறங்கியது.

உள்ளறையிலிருந்து தலைவர் அட்டை வந்த பெட்டியைக் கையில் பிடித்தபடி மலர்ந்த முகத்தோடு வந்தார். தானே கடைக்குப் போய்த் தேடிக் கண்டுபிடித்தாராம். விஷம் இல்லாதது, பாதுகாப்பானது, குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு ஏற்றது என்று பெட்டிமேலேயே அச்சடித்திருப்பதைச் சுட்டுவிரலால் காட்டினார். கொல்லாது, பிடித்து மட்டும் வைத்திருக்கும். கூட்டம் முடிந்ததும் எடுத்துப்போய் வெளியே விட்டுவிடலாம். கொல்லாமையும் ஆயிற்று, கூடமும் சுத்தமாயிற்று. இந்த யோசனையைப் பேச்சாளரிடம் சொல்லலாமா என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த அட்டையைத் தொழிலில் யாரும் விரும்பித் தொடுவதில்லை. மருந்துக்காரரின் முதலாளியே அதை வாங்குவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. ஒட்டிய உயிர் நாள் கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கும். இதையெல்லாம் மருந்துக்காரர் சொல்ல ஆரம்பித்தார். தலைவர் குறுக்கே கேட்டார்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே. நான் கேட்டேனே?”

கேட்டாரே. மருந்துக்காரர் விளக்குக்கு வைத்திருந்த எண்ணெய்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மேடைக்கு அடியில் படுத்தார். எண்ணெய் பட்டால் பசை இளகும். சொட்டுச் சொட்டாக விட்டு, விரல் நுனியால் ஒவ்வொரு காலாகப் பிரித்தார். பெருக்குகிற அக்கா வாசலில் நின்றபடியே, போதும், இன்னும் கொஞ்சம் என்று பயத்தோடு யோசனை சொன்னாள். சிவனுக்கு ஏற்ற வைத்த எண்ணெய் முழுவதும் எலிக்குப் போயிற்று. தலைவர் வேறு எண்ணெய் வாங்கிவர ஆள் அனுப்பினார். கடைசியில் அது அட்டையை விட்டு வந்தது. ஓடவில்லை. ஓடுவதற்கு அதனிடம் காலும் இல்லை, மூச்சும் இல்லை. புதிதாக வாங்கிய பொன்னாடை வந்த அட்டைப்பெட்டியில் ஒரு துணியைப் போட்டு அதைக் கிடத்தினார். கிடந்து, பின்னங்காலால் பெட்டியின் ஓரத்தைச் சுரண்ட ஆரம்பித்தது. நிறுத்தி, நிறுத்திச் சுரண்டியது.

இது பிழைக்காது. அவர் கண்ணுக்கு அது தெரியாமல் இருக்க முடியாது. என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். கழுத்துக்குப் பின்னால் ஓர் இடம் இருக்கிறது; அங்கே விரலை வைத்து ஒரு அழுத்து, ஒரு இழுப்பு. எலிக்கே தெரிவதற்குள் முடிந்துவிடும். கையைப் பெட்டிக்குள் விட்டார். விரல் தானாக அந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. அதன் சூடு விரலில் ஏறியது. ஆறாம் மாதம் என்று நினைத்தார். கையை எடுத்துவிட்டார்.

கால்நடை மருத்துவர் ஒருவரின் எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்தார். எடுத்த பெண், வளர்ப்புப் பிராணியா என்று கேட்டாள். எலி என்றார். அவள் சற்று யோசித்துவிட்டு, அதற்கெல்லாம் தனி ஆட்கள் இருக்கிறார்கள், எழுதிக்கொள்ளுங்கள் என்று ஓர் எண்ணைச் சொன்னாள். அது அவருடைய அலுவலகத்தின் எண். வேலை நாளில் அழைத்தால் அவரே எடுத்து, சிவாயநம, சொல்லுங்க என்று கேட்பார்.

தலைவரிடமே போய், துடிக்கிற உயிரை முடித்துவைத்தால் அது கொலையில் சேருமா என்று கேட்டார். தலைவர் வரவேற்புரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை கையில் நிஜமாகவே காகிதம் இருந்தது.

“அது அதோட வினை. அனுபவிச்சுத் தீர்க்கட்டும். நாம குறுக்க நின்னா மிச்சம் நம்ம தலையில ஏறும்,” என்றார் நிமிராமல். பிறகு நிமிர்ந்து, “பெட்டியைக் கொஞ்சம் கண்ணுல படாம வைங்க. அவர் வர்ற நேரம்” என்றார்.

பெட்டியைக் கூடத்தின் பின்கோடியில், கைகழுவும் இடத்துக் கதவோரம் வைத்து மேலே ஒரு பாயைச் சாய்த்தார். அப்படி வைத்துவிட்டுத் திரும்பினால் அந்தப் பொந்து நேர் எதிரே, குழாயைச் சுற்றி, இருட்டாகத் தெரிந்தது.

சாயங்காலம் கூடம் நிறைந்தது. பேச்சாளர் வந்தார். உடம்பு அவருக்கு முன்னாலும் குரல் அதற்கும் முன்னாலும் வந்தன. மருந்துக்காரரின் மனைவி வழக்கமான இடத்தில், பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசையில், சுவரில் முதுகைச் சாய்க்க வசதியாக உட்கார்ந்தாள். கதவோரத்துக்கு மிக அருகில். மேடைப் பக்கத்திலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்த மருந்துக்காரருக்கு, அவள் தலையைத் திருப்புவது தெரிந்தது. பிறகு பாயை விலக்குவது தெரிந்தது. குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை. அவர் எழுந்து பின்னால் போனார்.

“எப்பேருந்து கெடக்குது இது?” என்று மெல்லக் கேட்டாள்.

காலையிலிருந்து என்றார். அட்டையை, எண்ணெயை, கால்நடை மருத்துவரை எல்லாம் குசுகுசுவென்று சொன்னார். தலைவர் தன்னைக் கேட்டதையும் தான் வாய் திறக்காததையும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு ஏற்கனவே தெரியுமே, கையைப் பிடித்துக்கொண்டாளே.

“பொழைக்குமா?”

“பொழைக்காது.”

பெட்டிக்குள் சுரண்டல் நின்று, மறுபடி ஆரம்பித்தது. அவள் அவருடைய கையைப் பார்த்தாள். அவர் கையைப் பின்னால் கொண்டுபோனார். இரண்டு பேருக்கும் நடுவில் அவளுடைய வயிறு இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்தார்கள்.

“நீ வேணா சொல்லு. நான் செஞ்சுடறேன்,” என்றார் அவர். அவள் சொல்லமாட்டாள் என்பதற்காகவே சொன்ன மாதிரி அவர் காதிலேயே விழுந்தது.

அதற்குள் ஒலிபெருக்கி வீலென்று ஒருமுறை கத்திவிட்டு, கொல்லாமைச் செல்வரை மேடைக்கு அழைத்தது. தலைகள் திரும்பின. சிலர் அவர் முகத்தைப் பார்ப்பதற்காக எழுந்தே விட்டார்கள்.

“போங்க. கூப்பிடுறாங்க,” என்றாள்.

போனார். வேறென்ன செய்வார்? மேடையில் தலைவர் அவருடைய இரண்டு கைகளையும் மணிக்கட்டில் பிடித்துத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். எண்ணெய் மினுங்கியது. விளக்குத் தொண்டு செய்து வந்த கைகள் என்று தலைவர் சொன்னதற்குப் பேச்சாளர் கண்ணை மூடித் தலையசைத்தார். பேச்சாளருக்கும் மருந்துக்காரருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். இந்தக் கூடத்தில் ஓர் எறும்புக்குக்கூட ஊறு நேர்வதில்லை என்று சொன்ன இடத்தில் கைதட்டல் எழுந்தது. கைதட்டலின் ஊடே மருந்துக்காரர் பார்த்தார். கடைசி வரிசையில் அவள் இடம் காலியாக இருந்தது. பெட்டியும் இல்லை. கைகழுவும் இடத்துக் கதவு சாத்தியிருந்தது.

பேச்சாளர் ஒலிபெருக்கிக்கு வந்து தொண்டையைச் செருமினார். அந்தச் சிறிய அமைதியில், கதவுக்குப் பின்னால் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம். முதலில் கணீரென்று, பிறகு நிறைய நிறைய மழுங்கலாக. வேறு யார் காதிலும் அது ஒரு சத்தமே இல்லை. யாரோ கைகழுவுகிறார்கள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். நீந்தத் தெரிந்த பிராணி, கால் இல்லாவிட்டாலும் நீந்தப் பார்க்கும். தண்ணீரில் அது எவ்வளவு நேரம் போராடும் என்று தொழிலில் இருந்த எவனுக்கும் தெரியும். விரலை வைக்க வேண்டிய இடத்தை அவளுக்குச் சொல்லியிருக்கலாம். இப்போதாவது இறங்கி ஓடிக் கதவைத் திறந்து, தள்ளிக்கோ, நான் பார்த்துக்கறேன் என்று சொல்லலாம். ஒரு தோளில் தலைவரின் கை இருந்தது. மறு தோளில் பொன்னாடை இருந்தது. கூட்டம் முழுவதும் திருந்திய பாவியைக் கண்ணாரப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் மலர் என்பது யாதெனில், என்று பேச்சாளர் ஆரம்பித்தார்.

மருந்துக்காரர் நின்றார். பேச்சாளர் கொல்லாமையை மூன்றாகப் பிரித்து, முதல் பிரிவை மூன்றாகப் பிரித்து, அதில் முதலாவதை விளக்கிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. அவள் வெளியே வந்தாள். கை முழங்கைவரை நனைந்திருந்தது, சேலைத் தலைப்பும் ஈரம். கடைசி வரிசையில் தன் இடத்தில் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். அவரைப் பார்க்கவில்லை, லிங்கத்தையும் பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது நாலைந்து பேர் அவருடைய கைகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பெருக்குகிற அக்கா மட்டும் மனைவியின் பக்கமாக வந்து, வாளியை நான் கழுவி வச்சுட்டேம்மா, நீ போ என்று சொன்னாள். அதைக் கேட்காதவர் மாதிரி அவர் செருப்பைத் தேடினார்.

பேருந்து நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை.

“தண்ணியில போட்டா சட்டுனு போயிடும்னு நெனைச்சேன்,” என்றாள். “ரொம்ப நேரம் ஆச்சுங்க. கையை எடுக்கவும் முடியலை. எடுத்தா மேல வந்துச்சு.”

அவர் பேருந்து வருகிற திசையைப் பார்த்தார்.

“உங்களுக்கு வேற வழி தெரிஞ்சிருக்கும்.”

“தெரியும்.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவளுக்குக் கோபம் இருந்தால் சமாளித்திருப்பார். கோபத்துக்கு அவரிடம் பணிவு இருந்தது. கோபம் இல்லை. பிறகு, சத்தியம் அவர் ஒருத்தருக்கா, இரண்டு பேருக்கும் சேர்த்தா என்று கேட்டாள். யாரோ வழி கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டாள். வேண்டுமானால் தலைவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேருந்து வந்தது. வயிற்றைப் பார்த்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அவள் உட்கார்ந்தாள், அவர் கம்பியைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். எண்ணெய்க் கை வழுக்கியது, கையை மாற்றிப் பிடித்தார். அவள் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள், காய வைத்த மாதிரி. வழக்கமாக இந்த நேரத்துக்குக் குழந்தை உள்ளே புரளும், அவளே அவர் கையை இழுத்து வயிற்றில் வைப்பாள். இன்றைக்கு அசைந்ததா என்ற கேள்வி வாய்வரை வந்தது. அவர் கேட்கவில்லை. இறங்குகிற இடம் வரும்வரை அவளும் சொல்லவில்லை.